பொடக்காலிக்குப் போன ஒயர்

சுவரில் ஒயர் தெரிந்தால் எனக்கு ஆகாது. அது ஒரு வியாதி என்பார் என் வீட்டுக்காரர். போத்தனூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் கேபிள் டிவிக்காரர் மொட்டை மாடியிலிருந்து ஒரு கறுப்பு ஒயரைத் தொங்கவிட்டு, ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நுழைத்து, வேலை முடிந்தது என்று கிளம்பப் பார்த்தார். நான் விடுவேனா? அந்த ஒயரைச் சன்ஷேடுக்கு அடியில் கொண்டுபோய், மழைத்தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இறக்கி, கிளிப் அடித்து, சுவருக்கு அடித்த அதே வெளிர்மஞ்சளை அதன் மேலும் பூச வைத்த பிறகுதான் அவருக்குக் காபி கொடுத்தேன். தெருவில் நின்று பார்த்தால் எங்கள் வீட்டுக்குள் கரண்டே போகாதது போலத் தெரியும். அப்படித் தெரிவதில் எனக்கு ஒரு திருப்தி.

அதே கெட்டிக்காரத்தனத்தை இன்னொரு ஒயர் விஷயத்திலும் காட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு டெலிபோன் வந்தது. பதிந்து வைத்துவிட்டு மறந்தே போயிருந்தோம். எங்கள் வரிசையில் அதுதான் முதல் போன். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குப் போன் வந்தால் சுற்றியிருக்கும் நாலு வீட்டுக்கும் வந்த மாதிரிதான். கல்யாணப் பத்திரிகையில்கூட அடுத்த வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் எண்ணை முதலில் அப்படி வாங்கிக்கொண்டவர் அடுத்த வீட்டு டீச்சர்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கணவர் மஸ்கட்டில் வெல்டர், ஒரே பையன் ஊட்டியில் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். அவருடைய அப்பா காலம்வரை அந்தியூர்ப் பக்கம் யாருடைய காட்டிலோ கூலி வேலை. நாங்கள் தாராபுரத்துப் பக்கம் காடு தோட்டம் வைத்திருந்தவர்கள். இதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளக்க மாட்டார்கள். விளக்காமலே எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் கறாரான ஆள். நான் ஆசை ஆசையாக வாங்கி வந்த பட்டுப்புடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கலரு கடைக்காரருக்குப் புடிச்சதாட்டக்குதுங்க அம்மணி" என்று சொன்னவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலில் ஒரு சின்னக் கம்பிக் கதவு உண்டு. பெரும்பாலும் அது திறந்தே கிடக்கும்.

என் அம்மா வீட்டில் இந்த மாதிரி ஆட்கள் வந்தால் காபி கொடுப்பதற்கென்று ஒரு டம்ளர் ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். என் வீட்டில் அதெல்லாம் கிடையாது. டீச்சருக்கும் நாங்கள் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளர்தான். இதை நான் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. ஆனால் காபி கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குச் சாயங்காலம் அவர் கணவரின் போன் வரும். நான் எடுத்து, இருக்கச் சொல்லிவிட்டு, மதிலோரம் போய்க் குரல் கொடுப்பேன். டீச்சர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடி வருவார். ஹாலில் ஜன்னலை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி, அதன் பக்கத்தில் ஸ்டூலில் போன். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, தெருவெல்லாம் கேட்கும்படி சிரித்துச் சிரித்துப் பேசுவார். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்தச் சில நிமிஷத்தை நம்பித்தான் அவருடைய வாரம் ஓடியது. கடுதாசி வரப் பல நாளாகும், வேறு வழியில் அவர் குரலைக் கேட்க முடியாது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை என் மாமியார் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார். ஊரிலிருந்து வந்தால் அவர் உட்காருவதும் அந்தப் பிரம்பு நாற்காலியில்தான். டீச்சர் பேச்சு மும்முரத்தில் தலையை மட்டும் ஆட்டி வணக்கம் சொன்னார். அத்தை கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தேங்காய் மூட்டையைப் பிரித்தார். டீச்சர் போன பிறகு என்னைக் கேட்டார்.

"ஏங் கண்ணு, டீச்சரம்மா எப்பவும் உள்ள வந்து உக்காந்துதான் பேசுங்களா?"

"ஆமாங்கத்தை."

"ம்."

அவ்வளவுதான். பிறகு இந்த வருஷம் தேங்காய் சிறுத்துப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பேச்சு வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது. எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசுவோம், ஆனால் வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பெண் கொடுக்க இஷ்டமில்லை என்றால் பையனுக்கு வேலை தூரமுங்களா என்று கேட்போம். 'அப்பறம் பாத்துக்கலாமுங்க' என்று ஒருவர் சொன்னால் அந்தக் காரியம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று அர்த்தம். கேள்வியாக வருவதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, சொன்னவர் வாயால் இன்னொரு தடவை சொல்ல வைக்காமல் செய்து முடிப்பவள்தான் நல்ல மருமகள். நான் நல்ல மருமகள் என்று பேரெடுத்தவள். அத்தை கேட்டது கேள்வியாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டீச்சரிடம் வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? அது மகா பாவம், எனக்கே அது தெரியும். மனசு சங்கடப்படாமல் காரியம் மட்டும் ஆக வேண்டும். இரண்டு நாள் யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. அப்போது பல வீடுகளில் பேரலல் என்று சொல்லி, அதே லைனில் இன்னொரு போனை மாடியிலோ படுக்கையறையிலோ வைத்துக்கொள்வார்கள். நானும் ஒன்று வைப்பது என்று முடிவு செய்தேன், வீட்டுக்குப் பின்னால், வெளியே.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன். அவர் வாய் ஓயாத மனிதர், சுருக்கமாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"பொடக்காலிக்கு எதுக்குங்க போனு?"

வீட்டின் பின்புறத்தைத்தான் எங்கள் ஊரில் பொடக்காலி என்போம். துவைக்கிற கல், பாத்திரம் விளக்குகிற இடம், சாம்பல் தொட்டி எல்லாம் இருக்கிற பக்கம். ஊரில் எங்கள் காட்டில் வேலை செய்தவர்கள் வந்து நின்று சோறு வாங்கிக்கொண்டு போனதும் அந்தப் பக்கமாகத்தான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"பொடக்காலி இல்லீங்க, பின்பக்க சிட்அவுட்டு" என்று திருத்தினேன். அங்கே சிட்அவுட் என்று எதுவும் கிடையாது.

"உள்ள சமையல்கட்டுலயே வெச்சுக்கலாமுங்களே. வெளிய வெச்சா மழை அடிக்குமுங்க."

"மழை அடிக்காம வெய்யுங்க. அதுக்குத்தானே உங்களக் கூப்புட்டது."

உள்ளே அறை அறையாக ஒயரை இழுத்தால் ஹாலில் தெரியும், வருகிறவர்கள் இது எங்கே போகிறது என்று கேட்பார்கள். அதனால் வெளிச்சுவரைச் சுற்றியே கொண்டுபோகச் சொன்னேன். சங்கடம் என்னவென்றால் அந்தப் பக்கவாட்டுச் சுவர் டீச்சர் வீட்டைப் பார்த்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒயர் தெரியக்கூடாது என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். நான் கூடவே நின்று வேலை வாங்கினேன்.

ஹால் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஓட்டை போட்டோம். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஓட்டை வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, அவர் நேராகப் போட்டதை அடைத்துவிட்டு மறுபடி போட வைத்தேன். ஒயர் வெளியே வரும் இடத்தில் அதைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டோம், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும். பிறகு பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, சன்ஷேடின் அடிவயிற்றை ஒட்டியே ஓட்டி, மூலையில் திருப்பி, மல்லிகைக் கொடிக்குப் பின்னால் இறக்கினோம். மூலையில் ஒரு இணைப்பு தவிர்க்க முடியாமல் வந்தது. அதன் மேல் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி, தார் பூசச் சொன்னேன். பின்சுவரில் போனுக்கு ஒரு மரப்பெட்டி, அதற்குக் கதவு, கதவுக்கு மேலே தகரத்தில் ஒரு சின்னத் தாழ்வாரம். கடைசியில் எல்லாவற்றுக்கும் வெளிர்மஞ்சள் பெயிண்ட்.

எலக்ட்ரீஷியன் எட்டி நின்று பார்த்துவிட்டு, "ஆரு கண்ணுக்கும் தெரியாதுங்க" என்றார். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். வெளியே போனை ஏன் வைத்தேன் என்பது டீச்சருக்குத் தெரிந்துவிடக் கூடாது, தெரிந்தால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. அந்தப் பயத்தில்தான் அத்தனை குழாயும் தாரும்.

அந்த ஹால் ஜன்னலைத் திறந்தால் குழாய் ஆரம்பிக்கும் இடம் கண்ணில் படும். வேலை முடிந்த அன்றைக்கு அதைச் சாத்திக் கொக்கி போட்டேன். பிறகு திறக்கவே இல்லை.

டீச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். "உங்க சௌகரியத்துக்குத்தானுங்க டீச்சர். உள்ள ஒரம்பரைங்க, சொந்தக்காரங்க வருவாங்க, போவாங்க. இங்கன்னா நீங்க மனசு விட்டுப் பேசலாம் பாருங்க."

டீச்சர் பெட்டிக் கதவைத் திறந்தார், மூடினார். தகரத் தாழ்வாரத்தைத் தொட்டுப் பார்த்தார். பெட்டிக்குள் நுழைகிற குழாயைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு மல்லிகைக் கொடி வரைக்கும், அங்கிருந்து மூலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். கணக்கு டீச்சர், வழிமுறையைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை.

"நல்ல சௌகரியமுங்க அம்மணி" என்றார். "மழகூட உள்ள போகாதாட்டக்குது."

அன்றைக்குக் காபி வேண்டாம் என்றார், பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டுமாம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கம்பிக் கதவு வழியாகப் பின்பக்கமே வருவார், பேசுவார், பின்பக்கமே போவார். நான் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு நாளும் அவர் அதில் உட்காரவில்லை. நின்றபடியே, சுவரைப் பார்த்தபடியே, குரலைத் தணித்துப் பேசினார். அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. காபியும் இப்போது பின்பக்கமே போனது. டம்ளர் மட்டும் அதே எங்கள் டம்ளர்.

தனி டம்ளர் வைக்காத நான் தனி டெலிபோன் வைத்திருக்கிறேன் என்று ஒரு நாள் பாத்திரம் துடைக்கும்போது தோன்றியது. உடனே ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

வெளியே டீச்சர் போனை எடுத்ததும் ஹாலில் நான் ரிசீவரை வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குச் சரியாகக் கேட்காது. ஒரு வெள்ளிக்கிழமை அடுப்பில் பால் பொங்கியதைப் பார்க்க ஓடியதில் வைக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்து வைக்கலாம் என்று எடுத்தபோது அவர் கணவரின் குரல் கேட்டது.

"என்ன காக்காச் சத்தமா கேக்குது? எங்க நின்னு பேசற?"

டீச்சர் சொன்னார்.

"அவங்க ஊட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கறனுங்க. ஜன்னலு தொறந்திருக்குது."

நான் ரிசீவரை வைக்கக்கூடத் தைரியமில்லாமல், வைத்தால் சத்தம் கேட்குமே என்று, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் தார் பூசி அடைத்ததை விடக் கெட்டியாக அவர் அடைத்து வைத்திருக்கிறார், தன் புருஷனுக்குத் தெரியாமல். எனக்காகவா, தனக்காகவா, அந்த மனிதர் அங்கே தனியாக உட்கார்ந்து வருத்தப்படக் கூடாது என்பதற்காகவா, எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாமல் எப்படிக் கேட்பது?

மனசு குறுகுறுத்தால் நான் பலகாரம் செய்கிற ஜாதி. அந்த மாதம் முழுக்கக் கச்சாயமும் முறுக்கும் ஒப்புட்டும் மதில் தாண்டிப் போயின. டீச்சர் எதையும் மறுக்கவில்லை. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, கொஞ்சம் சர்க்கரையாவது நாலு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார். கணக்கு நேராக இருந்தது, என் மனசுதான் நேராகவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அத்தை மறுபடி வந்தார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவர், டீச்சர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் ரிசீவருமாக நிற்பதைக் கண்டார். கீழ்ச்சேலை முழுக்க நனைந்திருந்தது.

"அந்தப் புள்ள ஏங் கண்ணு மழையில நிக்குது?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அதுவரை அத்தையிடம் குரல் உயர்த்தியதில்லை. "நீங்கதானுங்களே அத்தை கேட்டீங்க? உள்ள உக்காந்துதான் பேசுங்களான்னு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இல்லை என்று சொல்வார், நான் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை என்பார், மறந்துவிட்டது என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கேட்டேன். நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். ஊட்டச் சுத்தி ஒயரு போட்டது நீ."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அத்தனை நாளும் அத்தையின் தலையில் கட்டி வைத்திருந்ததை அவர் ஒரே பேச்சில் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். அத்தை எத்தனை கேள்விகள் கேட்டு நான் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டே நாளில் ஆள் தேடினேன் என்றால், அது அவருடைய ஆசை மட்டுமா?

நான் வெளியே ஓடினேன். "டீச்சர், உள்ள வந்து பேசுங்க. நனையறீங்க."

அவர் ரிசீவரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னார். "இருக்கட்டுமுங்க அம்மணி. எனக்கு இங்கயே சௌகரியமுங்க."

என் வார்த்தையை எனக்கே கொடுத்துவிட்டார். மறு வாரமும் கூப்பிட்டேன், அதே பதில். பெட்டி அத்தனை மழையிலும் காய்ந்தே கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருந்தால்கூட அந்தப் போன் கெட்டிருக்கும், அவர் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். நான் வாங்கிய வேலை அப்படி, மழையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் கிறுக்குப் புத்தி வந்தது. ஒரு மத்தியானம் டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, ஸ்டூலைப் போட்டு ஏறி, மூலை இணைப்பில் இருந்த சைக்கிள் டியூபை அரிவாள்மணையில் காய் சீவுகிற மாதிரி கத்தியால் சீவி எடுத்தேன். தாரைச் சுரண்டினேன். சன்ஷேடு தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேராக அதைத் திருப்பி வைத்தேன். வெளியே இருக்கிற போன் செத்துப்போகும், கெட்டுப்போச்சுங்க, உள்ளயே வாங்க என்று சொல்லலாம், பிறகு அதைச் சரிசெய்யாமலே விட்டுவிடலாம். மன்னிப்புக் கேட்காமல் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட இதுதான் வழி என்று நினைத்தேன். கீழே இறங்கும்போது எனக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

இரண்டு போனுக்கும் லைன் ஒன்றுதான் என்பதை நான் யோசிக்கவில்லை. தண்ணீர் இறங்கியதும் ஹால் போனும் சேர்ந்தே போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்துப் பார்த்தபோது கரகரவென்று ஒரு இரைச்சல், வேறு சத்தமே இல்லை.

சாயங்காலம் நேரம் தாண்டியதும் டீச்சரே வந்தார். "போனு வரலீங்களா அம்மணி? லீவு கெடச்சிருச்சுங்களாம். எந்த வண்டியில வாரேன்னு இன்னைக்குச் சொல்றேன்னாரு."

"வெளிய இருக்கறது கெட்டுப்போச்சுங்க டீச்சர். உள்ள வாங்க" என்றேன். அன்றைக்கு அவர் மறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்து, அந்தப் பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இதுவும் போயிருச்சாட்டக்குதுங்க."

ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மழை நின்றால் தானாகச் சரியாகிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார். நான் ஆசைப்பட்ட மாதிரியே டீச்சர் என் ஹாலில், என் நாற்காலியில், என் டம்ளரில் காபி குடித்தார், நான் சாகடித்த போனுக்குப் பக்கத்தில். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இன்னுங் கொஞ்சம் சக்கரை போடட்டுங்களா?" என்றுதான் வந்தது.

அடுத்த வாரம் டெலிபோன் ஆபீசிலிருந்து லைன்மேன் வருவதற்கு முன்னால் அவர் கணவரே வந்துவிட்டார். பம்பாயில் இறங்கி, ரயிலேறி, போத்தனூர் ஜங்ஷனில் கொட்டுகிற மழையில் பெட்டிகளோடு இறங்கியிருக்கிறார். பிளாட்பாரத்தில் அவரைத் தேடி யாரும் வரவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது, டீச்சர் பள்ளிக்கூடத்தில். கம்பளி போர்த்திய பெட்டி மேல் அவர் உட்கார்ந்திருந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். போட்டோவில் பார்த்த முகம்தான். ஓடிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து, முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்து, அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். டீச்சருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

மெலிந்த மனிதர், வெயிலில் கறுத்த கை. காபியை இரண்டு கையாலும் வாங்கினார். "எத்தன தடவ போட்டுப் பாத்தனுங்க, எங்கேஜாவே இருந்துதுங்க. என்னமோ ஏதோன்னு பயந்துபோட்டேன்."

"மழையில லைனு கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

அவர் போனைத் தொட்டுப் பார்த்தார். "இதுலதானுங்களா அவ பேசறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்க ஊட்டுக் காக்கா எனக்கு நல்லாப் பழக்கமுங்க. துணி தொவைக்கற சத்தம், கொடம் வெக்கற சத்தம் எல்லாம் கேக்கும். ஒரு வாரம் அது கேக்காட்டி ஊரையே பாக்காத மாதிரி இருக்குமுங்க. அவ சொன்னா, நல்ல பெரிய ஜன்னலுங்க, தொறந்து வெச்சிருப்பாங்கன்னு. எந்த ஜன்னலுங்க அது?"

அந்த நேரத்தில்தான் டீச்சர் வாசலில் வந்து நின்றார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது, குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கிறார். ஆனால் கடைசியாக அவர் கேட்ட கேள்வி காதில் விழுந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

டீச்சர் உள்ளே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த ஜன்னலைக் காட்டினார்.

"இதுதானுங்க. அம்மணி எனக்குன்னே தொறந்து வெப்பாங்க."

அவர் கணவர் எழுந்து, சாத்தியிருந்த கதவையே ஆசையாகப் பார்த்தார். நான் விழுந்தடித்துக்கொண்டு போய்க் கொக்கியைத் தூக்கினேன். மாதக்கணக்கில் திறக்காத கதவு, மழையில் ஊதிப்போய்ச் சட்டத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. தள்ளினேன், அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு தடவை திறந்துவிட்டால் போதும் என்று இருந்தது. திறந்தால் அந்த மஞ்சள் குழாய் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதுகூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து என் முழங்கையை மெதுவாகத் தொட்டார்.

"உடுங்க அம்மணி. அப்பறம் பாத்துக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கையை எடுக்காமல் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.